பச்சைத் தண்ணீரை எண்ணுதல்

(நூற்றாண்டு விழா வாரத்தில் பாடசாலை மண்டபத்தில், உயர்தர உயிரியல் பிரிவின் பழைய மாணவிகள் ஐவர் சேர்ந்து வழங்கிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேச வருகிறவர்கள் பழைய நாட்களைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். அதற்கு எங்களைவிடத் தகுதியானவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்கள் ஐந்து பேரும் விஞ்ஞானப் பிரிவில் படித்தவர்கள். ஒருவர் ஆசிரியை, ஒருவர் வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறார், மற்றவர்கள் வெவ்வேறு தொழிலுக்கும் குடும்பத்துக்கும் போனவர்கள். கடந்த இரண்டு தவணைகளில் சில சனிக்கிழமைகள் தரம் 12 பிள்ளைகளோடு நம் ஆய்வுகூடத்தில் ஒரு வேலை செய்தோம். உயிருள்ள அல்காவை ஜெல்லிக்குள் பிடித்து வைத்து வளர்க்கும் வேலை. அதைப் பற்றியே பேசப் போகிறோம். உரையை ஐவரும் சேர்ந்து எழுதினோம், வாசிப்பது ஒருவர். அதனால் 'நாங்கள்' என்றே வரும்.

மலையகத்தில் பாசி என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. கவ்வாத்து வெட்டிய பிறகு தேயிலைச் செடியின் தண்டிலிருந்து அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். பீலிக்கரைக் கல்லில் பிடித்தால் குடத்தோடு வழுக்கி விழ வேண்டியதுதான். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோம், ஆனால் எல்லாம் ஒன்றல்ல. தேயிலைத் தண்டில் படர்வது பெரும்பாலும் பாசித் தாவரமும் இலைக்கனும். பீலிக்கரைக் கல்லை வழுக்க வைப்பதில்தான் அல்காவுக்குப் பங்கு உண்டு. வாகை மரப்பட்டையிலும் ஈரச் சுவரிலும் செம்மஞ்சள் வெல்வெட் துணிபோல ஒன்று படர்ந்திருக்குமே, அதுவும் அல்காதான். ட்ரென்டிபோலியா என்று பெயர். நிறம் செம்மஞ்சளாக இருந்தாலும் அது பச்சை அல்கா வகுப்பைச் சேர்ந்தது. தேயிலையில் வரும் 'சிவப்புத் துரு' நோயும் அப்படியே. துரு என்றதும் பங்கசு என்று எழுதிவிடாதீர்கள். 1869இல் இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்டு, கோப்பித் தோட்டங்களை ஒழித்து, நம் முன்னோரைத் தேயிலை மலைக்கு ஏற்றிய அந்தத் துரு பங்கசு. தேயிலையின் சிவப்புத் துருவோ செபலூரஸ் என்னும் அல்கா.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவை. நாங்கள் பிடித்தது கண்ணுக்குத் தெரியாதது. குளோரெல்லா, செனடெஸ்மஸ் போன்ற நுண் அல்காக்கள். குளோரெல்லா ஒரே கலம். ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் ஏறத்தாழ இருநூறு கலங்களை வரிசையாக நிறுத்தலாம். அவை கோடிக்கணக்கில் பெருகினால்தான் தண்ணீர் பச்சையாகத் தெரியும். நம் பேச்சில் பச்சைத் தண்ணீர் என்றால் காய்ச்சாத தண்ணீர். இது நிறத்தாலேயே பச்சை.

இனி, ஏன் இந்த வேலை என்று சொல்ல வேண்டும். ஒளித்தொகுப்பு வீதத்தை ஒளிச்செறிவு எப்படிப் பாதிக்கிறது என்ற செய்முறையை இங்கே விஞ்ஞானம் படித்த எல்லோரும் எழுதியிருப்போம். ஐதரில்லா கிளையை நீரில் இட்டு, விளக்கைத் தள்ளித் தள்ளி வைத்து, வெளிவரும் குமிழிகளை எண்ண வேண்டும். எழுதியிருப்போம் என்றுதான் சொன்னோம், செய்திருப்போம் என்று சொல்லவில்லை. நுவரெலியாக் குளிரில் அந்தக் குமிழி பெரிதாகவும் வரும், சிறிதாகவும் வரும், பல நாள் வராமலும் போகும். அதனால் பெறுபேற்றைக் குறிப்புப் புத்தகத்திலிருந்து மனப்பாடம் செய்வோம். வரைபும் அழகாக வரும். மலையகத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் குறைவு. அந்தப் பிரிவுக்கு வந்து சேர ஒரு தோட்டத்துப் பிள்ளையின் வீட்டார் எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். அப்படி வந்த பிள்ளை, தன் கையால் ஓர் அளவீட்டை எடுக்காமல், வேறு யாரோ எடுத்த எண்ணை மனனம் செய்துகொண்டு வெளியே போகிறது. எங்களுக்கு மனத்தில் தைத்தது இதுதான்.

ஐதரில்லாவுக்குப் பதில் பச்சைத் தண்ணீரையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். அங்கே வேறொரு சிக்கல். இரண்டு போத்தலில் பச்சைத் தண்ணீர் ஊற்றுகிறோம். ஒன்றை விளக்குக்குப் பக்கத்திலும் மற்றதைத் தள்ளியும் வைக்கிறோம். பக்கத்தில் வைத்ததில் கூடுதலாக ஒளித்தொகுப்பு நடந்ததா, அல்லது அதில் கூடுதலாக அல்காவை ஊற்றிவிட்டோமா? தெரியாது. அல்கா அடியில் படியும், கலக்கினால் எழும். இரண்டு கரண்டி ஊற்றினால் இரண்டும் ஒன்றாக இராது. சரியாக அளக்க மையநீக்கி வேண்டும், கலங்களை எண்ணும் கண்ணாடித் தட்டு வேண்டும், நல்ல நுணுக்குக்காட்டி வேண்டும். எண்ண முடியாத ஒன்றை எண்ணக்கூடியதாக மாற்ற வேண்டும். அதைச் செய்வது ஜெல்லி.

பூந்தி சுடத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மாவு கரண்டித் துளை வழியாகச் சொட்டுகிறது, எண்ணெயில் விழுந்ததும் உருண்டையாக இறுகுகிறது. இங்கே மாவு என்பது சோடியம் அல்ஜினேற்றுக் கரைசலும் அல்காவும் கலந்த கலவை. எண்ணெய் என்பது கல்சியம் குளோரைட்டுக் கரைசல். அடுப்பு தேவையில்லை. சிரிஞ்சிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டால், விழுந்த கணத்திலேயே சொட்டின் மேற்புறம் இறுகத் தொடங்குகிறது. சில நிமிடத்தில் உள்ளும் இறுகி, பச்சை நிறச் சவ்வரிசிபோல மணி மணியாக அடியில் கிடக்கும். தேத்தண்ணி வடிகட்டியில் வடித்துக் கழுவி எடுக்கலாம். பிள்ளைகள் முதல் நாள் செய்தபோது நாங்கள் விளக்கம் சொல்ல வேண்டியே இருக்கவில்லை. கையில் எடுத்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது? அல்ஜினேற்று ஒரு நீண்ட சங்கிலி. சோடியத்தோடு இருக்கும்வரை சங்கிலிகள் தனித்தனியாக நீரில் மிதக்கும். கல்சியத்துக்கு இரண்டு ஏற்றம் இருப்பதால் அது இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே அமர்ந்து இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. 1973இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் இந்த அமைப்பை முட்டைப் பெட்டிக்கு ஒப்பிட்டார்கள். மடிப்பு மடிப்பான இரண்டு அட்டைகளுக்கு இடையே வரிசையாக முட்டைகள் இருப்பதுபோலச் சங்கிலிகளுக்கு இடையே கல்சியம். இப்படி உண்டாகும் வலையின் கண்கள் மிகச் சிறியவை. அல்கா கலம் வெளியே வர முடியாது. நீர், காபனீரொட்சைட்டு, ஒட்சிசன், உப்புகள் தாராளமாகப் போய்வரும். ஒளியும் போகும். ஆகவே கலம் சாவதில்லை. உள்ளேயே பிரிந்து பெருகுகிறது. சில வாரம் வைத்துப் பார்த்தால் மணி மேலும் மேலும் கரும்பச்சையாவதைக் காணலாம். மேற்பரப்பை ஒட்டி அடர்த்தி கூடுகிறது, நடுவில் குறைகிறது. ஒளி முதலில் கிடைப்பது வெளியே இருப்பவற்றுக்குத்தானே.

ஜெல்லி இந்தத் துறைக்குள் எப்படி வந்தது என்ற கதையை இந்த மண்டபத்தில் சொல்லாமல் விட முடியாது. 1881 அளவில் பேர்ளினில் றொபேட் கொக் என்பவரின் ஆய்வுகூடத்தில் பற்றீரியாவை ஜெலற்றின்மேல் வளர்த்தார்கள். கோடைகாலத்தில் ஜெலற்றின் உருகிவிடும். பற்றீரியா அதைத் தின்று கரைத்தும்விடும். அங்கே வேலை செய்த வால்டர் ஹெஸ்ஸே என்ற வைத்தியர் திண்டாடிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஃபெனி ஹெஸ்ஸே வீட்டில் செய்யும் ஜெல்லிகளும் புடிங்குகளும் அதே வெயிலில் கட்டியாகவே நின்றன. காரணம் கேட்டபோது, அவர் ஏகார் என்ற கடற்பாசிப் பொருளைச் சொன்னார். சிறுவயதில் நியூயோர்க்கில் இருந்தபோது ஜாவாவிலிருந்து வந்து குடியேறிய அயலவரிடம் கற்றுக்கொண்ட சமையல் முறை அது. கொக் 1882இல் காசநோய்க் கிருமி பற்றிய கட்டுரையில் ஏகாரைக் குறிப்பிட்டார், ஃபெனியின் பெயரைக் குறிப்பிடவில்லை. இன்றுவரை உலகத்து ஆய்வுகூடங்களில் ஊற்றப்படுவது அந்தச் சமையலறைப் பொருள்தான். நோன்பு காலத்தில் நம் முஸ்லிம் அயலவர் வீடுகளிலிருந்து வரும் 'கடற்பாசி' இருக்கிறதே, அதுவும் இதே ஏகார்.

அல்கா விடயத்திலும் ஜெல்லி ஆரம்பம் முதலே கூட இருந்தது. 1890இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ற் நகரில் பெய்ஜரிங்க் என்பவர் ஜெலற்றின்மேல் வளர்த்துத்தான் குளோரெல்லாவைத் தனியாகப் பிரித்தெடுத்தார். அந்தப் பெயரை வைத்தவரும் அவரே. ஆனால் மணியாக்கும் வேலைக்கு ஏகாரைவிட அல்ஜினேற்று நமக்கு வசதி. ஏகாரைக் கொதிக்கவிட்டு உருக்க வேண்டும், நாற்பது பாகைக்குக் கீழே ஆறினால்தான் உறையும். அந்த இடைவெளியில் கலத்தைச் சூட்டிலிருந்து காப்பாற்ற வேண்டும். அல்ஜினேற்றோ அறை வெப்பத்திலேயே உறைந்துவிடுகிறது. இதைக் கண்டறிந்தவர் ஸ்டான்ஃபோர்ட் என்ற பிரித்தானிய இரசாயனர். ஆண்டு அதே 1881.

இரண்டும் கடலிலிருந்து வருபவை, அதுவும் நம் கடலிலிருந்து. கஞ்சிப்பாசி என்று தமிழில் சொல்லும் கிரசிலேரியா பழைய நூல்களில் 'சிலோன் மொஸ்' என்ற பெயரோடு ஏற்றுமதிப் பொருளாக வருகிறது. ஏகாருக்கு அது மூலம். அல்ஜினேற்று கபில நிறப் பாசிகளிலிருந்து எடுக்கப்படுவது. மன்னார் வளைகுடாவின் அக்கரையில், இராமநாதபுரக் கரையோரத்தில், அவற்றைக் கட்டக்கோரை என்றும் பக்கோடா பாசி என்றும் சொல்கிறார்கள். அங்கே கடலில் இறங்கி இவற்றைப் பறிக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள். கொழுந்து பறிப்பது எப்படி நம் பக்கத்துப் பெண்களின் கைவேலையோ, பாசி பறிப்பது அவர்களுடையது. நம் கடற்பாசிகளை வகைப்படுத்தி 1961இல் நூலாக்கியவர் கொழும்பு மீன்பிடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்த எம். துரைரத்தினம். தங்கைமார் அந்தப் பெயரை அறிந்திருக்க வேண்டும்.

சரி, செய்முறைக்கு வருவோம். 100 மில்லிலீற்றர் நீருக்கு 3 கிராம் சோடியம் அல்ஜினேற்று. கோதுமை மாவுபோலக் கட்டி தட்டும் சாமான் இது. சிறிது சிறிதாகத் தூவிக் கலக்கி, ஓர் இரவு வைத்துவிட வேண்டும். நமக்கு இங்கே ஓர் அதிர்ஷ்டம் உண்டு. மலை ஊற்று நீரில் கல்சியம் குறைவு. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்று நீரில் இதைக் கலக்கினால் அதிலுள்ள கல்சியமே வேலையைத் தொடங்கிவிடும். அங்கே காய்ச்சி வடித்த நீர் வேண்டும். பச்சைத் தண்ணீரை ஒரு கூசாவில் இரவு முழுக்க அசையாமல் வைத்தால் அல்கா அடியில் படியும். மேல்நீரை ஊற்றிவிட்டால் அடியில் இருப்பது செறிந்த அல்கா. மையநீக்கி வேண்டியதில்லை, பொறுமை போதும். அதையும் அல்ஜினேற்றையும் சம அளவு கலந்து, 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் வீதம் கரைத்த கல்சியம் குளோரைட்டில் சொட்ட வேண்டும். சிரிஞ்சை ஒரே உயரத்தில் பிடித்தால் மணிகள் ஒரே அளவில் வரும். கொழுந்து கிள்ளும் விரல்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சீர் தானாக வந்தது என்று சொல்ல எங்களுக்கு ஆசைதான், ஆனால் அது உண்மையில்லை. மூன்றாவது சனிக்கிழமைதான் கை பழகியது.

பிறகு ஒவ்வொரு சிறு போத்தலிலும் இருபது மணி, அதற்கு மேல் இருகாபனேற்றுக் காட்டிக் கரைசல். இந்தக் காட்டி சாதாரண வளியோடு சமநிலையில் இருக்கும்போது செம்மஞ்சள் கலந்த சிவப்பு. காபனீரொட்சைட்டுக் கூடினால் மஞ்சள், குறைந்தால் ஊதா. ஒரு போத்தலை விளக்கின் அருகிலும், மற்றவற்றைப் படிப்படியாகத் தள்ளியும், ஒன்றை அலுமினியத் தாள் சுற்றியும் வைத்தோம். எல்.ஈ.டி. விளக்கு, அதிகம் சூடாகாது. இரண்டு மணித்தியாலம் கழித்து வரிசையாக நிறுத்தினால், அருகில் இருந்தது ஊதா, தள்ளித் தள்ளிப் போகப் போகச் சிவப்பு, தாள் சுற்றியது மஞ்சள். எல்லாவற்றிலும் இருபதே மணிகள். ஆகவே நிற வேறுபாட்டுக்கு ஒளி தவிர வேறு காரணம் சொல்ல முடியாது.

மஞ்சள் போத்தலைப் பார்த்து ஒரு பிள்ளை, "மிஸ், இது செத்துப் போச்சா?" என்று கேட்டது. இல்லை, இருட்டில் சுவாசித்துக் காபனீரொட்சைட்டை வெளிவிட்டிருக்கிறது. தாளைக் கழற்றி விளக்கில் வைத்தோம், மெல்லச் சிவப்புக்குத் திரும்பியது. தாவரமும் சுவாசிக்கிறது என்பதை அந்தப் பிள்ளை தரம் 7இலிருந்து எழுதி வந்திருக்கும். அன்று அது நிறமாகத் தெரிந்தது.

இந்தச் செய்முறை எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. பிரித்தானியப் பாடசாலைகளில் பல ஆண்டுகளாகச் செய்யப்படுகிறது. நம் நீர், நம் விளக்கு, நம் வடிகட்டிக்கு ஏற்றபடி செய்து பார்த்தோம், அவ்வளவே.

மூத்த அக்காமார் சிலர் எங்களிடம் வேறு மாதிரி கேட்டார்கள். "இதைக் கொண்டு லயன் கானையும் கிரகரி ஏரியையும் துப்புரவாக்கலாமா, பிள்ளை?" கேள்வி நியாயமானது. 1873இல் கட்டிய ஏரி, சுற்றியுள்ள விவசாய நிலங்களின் உரமும் ஊர்க் கழிவும் சேர்ந்து பச்சையாவதை நாம் பார்க்கிறோம். 1999இல் கண்டி வாவி மைக்றோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சை இனத்தால் மூடப்பட்டது. அது நஞ்சு சுரக்கக்கூடியது. தங்கைமார் தயவுசெய்து ஏரியில் மிதக்கும் பச்சை ஆடையை ஆய்வுக்காகக் கையால் அள்ள வேண்டாம்.

அல்கா கழிவு நீரிலுள்ள நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் உறிஞ்சி வளரும் என்பது உண்மை. அதன் பிறகு அல்காவை நீரிலிருந்து பிரிப்பதுதான் செலவான காரியம். மணிக்குள் இருந்தால் வடித்தெடுத்துவிடலாம். இந்த எண்ணத்தில் 1985இல் கனடாவின் கியூபெக்கில் செவாலியே, டி லா நூ என்ற இருவர், செனடெஸ்மஸை வேறொரு கடற்பாசி ஜெல்லியான கராஜீனனில் வைத்துக் கழிவு நீரைச் சோதித்தார்கள். ஹொங்கொங்கில் நோரா டாம் என்ற பெண் பேராசிரியர் குளோரெல்லாவை அல்ஜினேற்று மணிகளில் வைத்து, எத்தனை மணி இட்டால் எவ்வளவு நீங்குகிறது என்று அளந்தார். மெக்சிக்கோவின் லா பாஸ் நகரில் லூஸ் டி-பஷானும் யோவ் பஷானும் ஒரே மணிக்குள் குளோரெல்லாவோடு அசோஸ்பிரில்லம் என்ற நன்மை செய்யும் பற்றீரியாவையும் சேர்த்து வைத்து, அல்கா செழித்து வளர்வதைக் காட்டினார்கள். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கண்ணையன், இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் ராவ், ஹோல் ஆகியோருடன் சேர்ந்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், அசோலாவுக்குள் வாழும் நீலப்பச்சை அனபீனாவை நுரைப் பஞ்சில் குடியேற்றி அமோனியா சுரக்கச் செய்தார். நெல்லுக்கு நைதரசன் கொடுப்பது அவர் நோக்கம். நம் நாட்டில் இதே நீலப்பச்சை இனங்களையும் அசோலாவையும் நெல் வயலுக்காக ஆராய்ந்தவர் பேராதனையில் தாவரவியல் பேராசிரியராக இருந்த எஸ். ஏ. குலசூரிய.

இவ்வளவு இருந்தும் ஏரிக்கு எங்கள் பதில், இப்போதைக்கு முடியாது என்பதே. பொசுபேற்று கல்சியத்தைப் பற்றிக்கொள்ளும் சாமான். அது அதிகமுள்ள நீரில் அல்ஜினேற்று மணியின் கல்சியம் இழுபட்டுப்போக, முட்டைப் பெட்டி பிரிந்து மணி கூழாகிவிடும். எதை அகற்றப் போடுகிறோமோ அதுவே மணியைக் கரைக்கிறது. இதை வகுப்பிலும் செய்து காட்டலாம். சோடியம் சித்திரேற்றுக் கரைசலில் சில மணிகளைப் போட்டால் சற்று நேரத்தில் கரைந்து பச்சைத் தண்ணீராகும். உள்ளே எத்தனை கலம் இருந்தது என்று எண்ண ஆய்வாளர்கள் கையாளும் வழியும் இதுவே. அதுபோக, மணியின் நடுப்பகுதிக்கு ஒளி போதாது, பெருகும் கலங்கள் நாளடைவில் விளிம்பை உடைத்துக்கொண்டு வெளியேறும், ஓர் ஏரியளவுக்கு அல்ஜினேற்று வாங்கக் காசு யாரிடமும் இல்லை. ஏரி துப்புரவாக, அதற்குள் உரமும் அழுக்கும் போவதை நிறுத்த வேண்டும். மணி, ஆய்வுகூடத்துக்கும் சிறிய தொட்டிகளுக்கும் ஏற்றது. வகுப்பறைக்கு மிகவும் ஏற்றது.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நூற்றாண்டு நிதியில் என்ன செய்வது என்று பேச்சு நடப்பதை அறிவோம். நினைவுக் கல் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதோடு ஆய்வுகூடத்தில் ஓர் அலுமாரியும் வேண்டும். அதில் அல்ஜினேற்று, கல்சியம் குளோரைட்டு, காட்டிச் சாயங்கள், சிரிஞ்சுகள். ஆண்டுதோறும் அவை தீர்வதற்கு முன் வாங்கி வைக்கும் பொறுப்பை ஒரு வகுப்பினர் ஏற்க வேண்டும். முதல் மூன்று ஆண்டுகளுக்கு எங்கள் வகுப்பு ஏற்கிறது. அதற்குப் பிறகு யார் என்பதை இன்று தேநீர் வேளையில் எங்களிடம் சொல்லலாம்.

பச்சைத் தண்ணீர்ப் போத்தல் இப்போது ஆய்வுகூடத்தின் கிழக்கு யன்னலில் இருக்கிறது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை பாதியை ஊற்றிவிட்டு, சிட்டிகை உரம் கரைத்த புதுநீர் விட வேண்டும். நாளுக்கு இருமுறை குலுக்க வேண்டும். டிசம்பர் விடுமுறையில் பாடசாலை பூட்டியிருக்கும்போது அதை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று தரம் 12 பிள்ளைகள் சீட்டுக் குலுக்கினார்கள். வட்டவளையிலிருந்து வரும் பிள்ளைக்கு விழுந்திருக்கிறது. பஸ்ஸில் மூடியை இறுக்கிவிடாமல் பஞ்சு அடைத்துக் கொண்டுபோகும்படி சொல்லியிருக்கிறோம்.